குழிக்குள் யோசேப்பு கத்தினானா?

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு வேதாகமத் தொடர் ஒன்றுக்குத் தமிழ் டப்பிங் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். யோசேப்பின் கதை. கானானில் பஞ்சம், பத்து அண்ணன்மாரும் தானியம் வாங்க எகிப்துக்கு வந்து நிற்கிறார்கள். எதிரே அதிகாரியாக உட்கார்ந்திருப்பவன் தாங்கள் விற்றுப்போட்ட தம்பி என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு துபாசி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவன். மூலத்தில் அந்தத் துபாசி ஏதோ புரியாத பாஷையில் முணுமுணுப்பான். பிரதியில் அதன் பொருளையும் ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். நான் அவசரத்தில் அதையும் சேர்த்துத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டேன்.

தியேட்டரில் ஓட்டிப் பார்த்தால், மூத்த அண்ணன் ரூபன் "நாங்கள் வேவுகாரர் அல்ல" என்று தமிழில் சொல்கிறான். துபாசி திரும்பி, அதே தமிழில், "அவர்கள் வேவுகாரர் அல்லவாம்" என்கிறான். யோசேப்பு தலையாட்டுகிறான். சவுண்ட் எஞ்சினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "சார், இந்த ஆளுக்கு எதுக்கு சம்பளம்?" என்றார்.

அது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடிய பிழை. துபாசியின் குரலை மூலத்தில் இருந்தபடியே விட்டோம், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இந்த வேலையில் என்னைப் பயமுறுத்துவது யாரும் சிரிக்காத பிழைகள்தான். திரையில் ஒருமுறை வந்துவிட்டால் அவை பார்ப்பவர் மனதில் வேதமாகவே தங்கிவிடுகின்றன.

யோசேப்பின் கதை வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் 37 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களில். நடுவில் யூதா, தாமார் பற்றிய 38-ஆம் அதிகாரம் வேறு வருகிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைத் தொடவே பயப்படுவார்கள். எல்லாவற்றையும் நிதானமாகச் சத்தம்போட்டு வாசித்தால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இதை வைத்து 1995-இல் ராஜர் யங் இயக்கிய 'ஜோசப்' தொலைக்காட்சிப் படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடியது, எம்மி விருதும் வாங்கியது. ஈரானில் 2008-இல் ஃபரஜொல்லா சலஹ்ஷூர் எடுத்த தொடர் 45 பகுதிகள். பிரேசிலின் ரெக்கார்ட் சேனல் 2013-இல் யோசேப்பையும், 2015-இல் மோசேயையும் தொடராக்கியது. மோசே தொடர் அங்கே தினமும் ஓடும் மெகா சீரியல் பாணியிலேயே எடுக்கப்பட்டது. ஒரு மணி நேரக் கதையை இவ்வளவு தூரம் இழுத்தால் மீதி நேரத்தில் ஓடுவது யார் எழுதியது? எங்களைப் போன்றவர்கள்தான்.

அதில் தப்பில்லை. வேதாகமக் கதை மிகச் சிக்கனமான கதை. யார் முகம் எப்படி இருந்தது, அறையில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் அது சொல்லாது. கேமராவால் அப்படி இருக்க முடியாது, எதையாவது காட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் மூலத்தின் மௌனம் எல்லாம் ஒரே வகை இல்லை. சில இடங்களில் அது வெறும் காலி இடம், நிரப்பலாம். சில இடங்களில் அந்த மௌனமே கதைக்காக உழைக்கிறது. அங்கே போய் வசனத்தைக் கொட்டினால் கதையின் முதுகெலும்பு போய்விடும்.

அண்ணன்மார் பொறாமையில் யோசேப்பைத் தள்ளிய குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த தொடரில் யோசேப்பு குழிக்குள் கிடந்து "அண்ணா, என்னைத் தூக்குங்கள்" என்று கதறியிருப்பான். நெஞ்சைப் பிசையும் காட்சி, பின்னணியில் வயலின் வேறு. இப்போது 37-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அங்கியைக் கழற்றுகிறார்கள், குழியில் போடுகிறார்கள், அதில் தண்ணீர் இல்லை, அப்புறம் சாப்பிட உட்காருகிறார்கள். அவ்வளவுதான். அந்த அதிகாரத்தில் குழிக்குள் போனதிலிருந்து யோசேப்பு வாய் திறந்ததாக ஒரு வார்த்தை இல்லை.

அப்படியானால் அவன் கத்தவே இல்லையா? கத்தினான். அது நமக்குத் தெரியவருவது ஏறக்குறைய 20 வருடம் கழித்து, 42-ஆம் அதிகாரத்தில். எகிப்தில் மாட்டிக்கொண்ட அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: அவன் நம்மைக் கெஞ்சினபோது அவன் மன வியாகுலத்தைக் கண்டும் செவிகொடாமற்போனோமே! துபாசி வழியாகப் பேசுகிறவனுக்கு எங்கே நம் பாஷை புரியப்போகிறது என்ற தைரியத்தில், அவன் காதுபடவே சொல்கிறார்கள். யோசேப்பு அவர்களை விட்டு அப்பால் போய் அழுகிறான்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் காதில் அந்தக் கதறல் 20 வருடமாக ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது என்பது வாசகனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. முதல் பகுதியிலேயே கதறலைக் கேட்க வைத்துவிட்டால் இந்த இடம் வெறும் ஞாபகப்படுத்தலாகச் சுருங்கிவிடும். நானாக இருந்தால் குழிக் காட்சியில் கேமராவை மேலே, அண்ணன்மாரோடு உட்கார வைப்பேன். ரொட்டி பிய்க்கும் கைகள், யாரும் யார் முகத்தையும் பார்க்காத சாப்பாடு. கீழே இருந்து வரும் சத்தத்தை 42-ஆம் அதிகாரத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வேன். இதைச் சொன்னபோது ஒரு தயாரிப்பாளர் "முதல் எபிசோடுல ஹீரோ அழலன்னா டிஆர்பி எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது, யோசேப்பை விற்றது யார் கை? 37:28-ஐ வாசித்தால் மீதியானிய வணிகர் கடந்துபோகிறார்கள், "அவர்கள்" அவனைக் குழியிலிருந்து தூக்கி இஸ்மவேலரிடம் விற்கிறார்கள். அந்த "அவர்கள்" அண்ணன்மாரா, மீதியானியரா? வசனத்தை இரண்டு விதமாகவும் வாசிக்க முடியும். பின்னால் 45:4-இல் யோசேப்பே "நீங்கள் விற்றுப்போட்ட" என்கிறான். 40:15-இல் தன்னைக் களவாகக் கொண்டுவந்தார்கள் என்றும் சொல்கிறான். அறிஞர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. காசு வாங்கும் கை ஒன்றைக் காட்டியாக வேண்டும். காட்டிய கணத்தில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பை எடுத்தது வேதம் அல்ல, இயக்குநர்.

அந்தக் காசு விஷயத்திலேயே இன்னொன்று இருக்கிறது. தமிழில் "இருபது வெள்ளிக்காசு" என்று படித்துப் பழகியதால் சுருக்குப் பையும் நாணயங்கள் கலகலக்கும் சத்தமும் தானாகவே வந்துவிடுகின்றன. அச்சடித்த நாணயம் புழக்கத்துக்கு வந்தது கி.மு. 7-ஆம் நூற்றாண்டு வாக்கில், இன்றைய துருக்கியில் இருந்த லீதியா தேசத்தில். யோசேப்பின் காலம் அதற்கு வெகு முன்னால். அப்போது வெள்ளியைத் துண்டாக வெட்டித் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். தானியச் சாக்குகளில் அண்ணன்மாருக்குத் திரும்பி வந்த பணம் "நிறை குறையாமல்" இருந்தது என்று 43-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஒரு தம்பியைத் தராசில் வைத்த மாதிரி, எடைக்கல் ஏற ஏற வெள்ளித் துண்டு போடும் காட்சி கிடைத்தால் எந்த இயக்குநர் விடுவார்? ஆராய்ச்சி செய்தால் காட்சி வறண்டுபோகும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

அப்பா யோசேப்புக்குக் கொடுத்த பலவருண அங்கியும் அப்படித்தான். எபிரெய மூலச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பல நிறம் என்பது கிரேக்க மொழிபெயர்ப்பு வழியாக வந்த வழக்கம். நீண்ட கையும் கணுக்கால் வரை நீளமும் கொண்ட அங்கி என்பது இன்னொரு கருத்து. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அந்த உடுப்போடு ஆடு மேய்க்க முடியாது. "இவன் வயல்வேலை செய்ய வேண்டாம்" என்று அப்பா துணியிலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. அண்ணன்மாருக்குப் பற்றிக்கொண்டு வராதா? வானவில் கோடு போட்ட அங்கி அழகாக இருக்கும், ஆனால் பொறாமைக்கு இவ்வளவு தெளிவான காரணத்தைத் தராது.

எகிப்தில் யோசேப்பை அடிமையாக வாங்கிய போத்திபாரின் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜாக்கிரதையாக இருங்கள் என்று அதிகம் சொல்லும் இடம் இது. ஒரு சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி வினாடி வினாவுக்கு நடுவராகப் போயிருந்தேன். போத்திபார் வீட்டில் நடந்தது பற்றி ஒரு கேள்வி. ஒரு பையன் எழுந்து, "சுலைகா யோசேப்பின் சட்டையைப் பின்பக்கம் கிழித்தாள், அதை வைத்து அவன் குற்றமற்றவன் என்று கண்டுபிடித்தார்கள்" என்று கடகடவென்று சொன்னான். கைதட்டல். மதிப்பெண்ணும் போட்டுவிட்டார்கள்.

ஆதியாகமத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. அவன் வஸ்திரத்தை அவள் கையில் விட்டுவிட்டு ஓடுகிறான், கிழிந்ததாக ஒன்றும் இல்லை. அதுவே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது, அவன் சிறைக்குப் போகிறான். சட்டை பின்னால் கிழிந்திருந்ததை வைத்து உண்மை தெரிவது திருக்குர்ஆனின் 12-ஆவது அத்தியாயமான யூசுஃபில். அங்கும் அவளுக்குப் பெயர் இல்லை. சுலைகா என்ற பெயர் பிற்காலத்து இஸ்லாமிய மரபிலும் பாரசீகக் காவியத்திலும் வளர்ந்தது. ஈரான் தொடர் அந்த மரபிலிருந்து எடுத்தது, அதில் அவள் சுலைகாவாக வருவதுதான் சரி. பையன் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறான். அவன் மேல் தவறில்லை. எந்தத் தொடர் எந்த நூலிலிருந்து வருகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டும் வேறு வேறு நூல்கள். கலந்து ஊட்டினால் இரண்டுக்கும் மரியாதை இல்லை.

இன்னொன்று, மூலத்தில் அந்தப் பெண் யோசேப்பிடம் பேசுவது எபிரெயத்தில் இரண்டே வார்த்தை. பழைய தமிழ் வேதாகமத்திலும் இரண்டே வார்த்தைதான்: "என்னோடே சயனி." நான் எழுதிய தொடரில் இதற்கு மூன்று பகுதிகள் ஒதுக்கியிருந்தார்கள்.

இதற்காக நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். திரைக்கதைப் பிரதியில் மூன்று நிறத்தில் கோடு போடுவேன். நேரடியாக வேதத்தில் இருப்பது கறுப்பு. வேதத்தில் இல்லை, ஆனால் அதிலிருந்து நியாயமாக ஊகிக்கலாம் என்பது நீலம். முழுக்க எங்கள் கைச்சரக்கு சிவப்பு. முதல்முறை போட்டு முடித்தபோது பக்கமெல்லாம் ரத்தம் சிந்தியது போல இருந்தது. சிவப்பை அடிக்க வேண்டும் என்பதில்லை. சிவப்பில் இருக்கும் வசனத்தை வேதத்தின் நடையில் எழுதக்கூடாது, அது போதும். "மெய்யாகவே உமக்குச் சொல்லுகிறேன்" என்று சொந்தச் சரக்குக்கு வேஷம் கட்டினால் ஜனங்கள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். தொடர் ஆரம்பத்தில் ஓடும் "சில காட்சிகள் கற்பனையே" என்ற கார்டை யாரும் படிப்பதில்லை. படிப்பதற்குள் அது போய்விடும்.

நடை என்றதும் தமிழுக்கே உரிய ஒரு தலைவலி. பவர் என்பவர் தலைமையில் 1871-இல் வந்த தமிழ் வேதாகமத் திருப்புதலின் வழியில் பழகியவர்களுக்குக் "கர்த்தர்", "ஆதியாகமம்". 1995-இன் திருவிவிலியத்தில் பழகிய கத்தோலிக்கருக்கு "ஆண்டவர்", "தொடக்கநூல்". எதைப் போட்டாலும் பாதிப் பேருக்கு அந்நியமாக இருக்கும். நான் கதைமாந்தர் பேசும் இடங்களில் முடிந்தவரை இரு தரப்பும் ஏற்கும் சொல்லைத் தேடுவேன். கிடைக்காவிட்டால் அந்தச் சேனலின் பார்வையாளர் யார் என்று கேட்டுவிட்டுப் போடுவேன். இதில் கொள்கையெல்லாம் கிடையாது.

ஆனால் தமிழ் நமக்குக் கொடுக்கும் கொடையும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ரூபனும் பிரதர், பென்யமீனும் பிரதர். தமிழில் யோசேப்புக்கு மேலே பத்து அண்ணன், கீழே ஒரே தம்பி. அதிகாரியாக இருக்கும் வரை அவன் அவர்களை "நீங்கள்" என்றோ "மனுஷரே" என்றோதான் கூப்பிடுவான். "அண்ணா" என்ற சொல்லை நான் அத்தனை பகுதிகளிலும் பூட்டி வைத்திருந்தேன். குரல் கொடுத்தவரிடமும் சொல்லியிருந்தேன், அது எங்கே வரும் என்று.

45-ஆம் அதிகாரம். யோசேப்பு தன்னோடு இருக்கும் எல்லாரையும் வெளியே அனுப்பச் சொல்லிக் கத்துகிறான். அண்ணன்மாரையும் தம்பி பென்யமீனையும் தவிர ஒருவரும் இல்லை. துபாசியும் அப்போதுதான் வெளியே போயிருக்க வேண்டும். 20 வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவன் நடுவில் ஆள் இல்லாமல் அவர்கள் பாஷையில் பேசப்போகிறான். "நான் யோசேப்பு, என் தகப்பனார் இன்னும் உயிரோடே இருக்கிறாரா?" அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் கொஞ்ச நேரத்தில் ஒரு விசித்திரமான வரி: "உங்களோடே பேசுகிற வாய் என் வாய்தான்." பதினைந்து வருடமாக அடுத்தவர் வாய்க்கு வசனம் அளந்து வெட்டுகிற எனக்கு அதைத் தட்டச்சு செய்யும்போது சிரிப்பு வந்தது.

மூலத்தில் நடிகர் அந்த இடத்தில் உதட்டை ஒருமுறை திறந்து மூடுகிறார், ஒலி இல்லை. "அண்ணா" என்று போட இடம் இருந்தது. குரல் கொடுத்தவர் மைக் முன்னால் நின்று இரண்டு டேக் முயன்றார். மூன்றாவதில் அவர் சொல்லவில்லை, மூச்சை மட்டும் விட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எஞ்சினியர் என்னைப் பார்த்தார். "அதையே வெச்சுக்கோங்க" என்றேன்.