அட்டை டப்பா ஜூஸுக்கு ஏன் வரி குறைவு?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சர்க்கரை நோய்க்கு உணவு ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் "கலர், அதாவது காஸ் அடைத்த கூல்டிரிங்ஸ், குடிக்கிறதை விட்டாச்சா?" என்றால் உடனே தலையாட்டுவார்கள். "அதுக்குத்தான் 40 சதவீதம் வரி போட்டிருக்காங்களே மேடம், இப்ப மாம்பழ ஜூஸ்தான்." எத்தனை முறைதான் இதைக் கேட்பது!

நிதானமாகப் படியுங்கள். அந்த 40 சதவீதம் சர்க்கரை அளவைப் பார்த்துப் போட்டதல்ல. சர்க்கரையே சேர்க்காத டயட் கோலாவுக்கும் அதே 40தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது 28, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 12. 2025 செப்டம்பர் 22 முதல் நேராக 40. அதே நாளில் காஸ் இல்லாத பழக்கூழ் பானத்துக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது. பிஸ்கட், சாக்லேட் 18-லிருந்து 5. வரி குறைந்த பண்டமெல்லாம் உடம்புக்கு நல்லது என்று யாரும் சான்று தரவில்லை.

டப்பாவைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் 'ஆடட் சுகர்ஸ்', அதாவது சேர்த்த சர்க்கரை, என்று இருக்கும். பெரும்பாலும் 100 மில்லிக்குத்தான் கணக்கு. 13 கிராம் என்றிருந்தால் 200 மில்லி டப்பாவில் 26 கிராம். ஒரு டீஸ்பூனுக்கு நாலு கிராம் என்று வகுத்தால் ஆறரை டீஸ்பூன். 250 மில்லி கோலாவிலும் ஏறக்குறைய இவ்வளவுதான். பெரியவர் ஒருவருக்கே நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் அந்த ஜூஸ் டப்பாவைப் பள்ளிப் பையில் வைக்கிறீர்கள்.

பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரையை அளந்து வரி வைத்தார்கள்: 100 மில்லியில் 5 கிராம் தொட்டால் ஒரு விகிதம், 8 தொட்டால் கூடுதல். பல கம்பெனிகள் சர்க்கரையையே குறைத்தன. மெக்சிகோவில் 2014-இல் லிட்டருக்கு ஒரு பெசோ ஏற்றியதும் விற்பனை இறங்கியது. விலை ஏறினால் கை தயங்கும். தயங்கிய கை பக்கத்து அடுக்கில் எதை எடுக்கிறது என்பதுதான் என் கவலை.

வரி குறைந்த பிறகு பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கிராம் கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். விலை அதேதான், பிள்ளை சாப்பிடுவது கூடிவிடும்.

நம் குளிருக்கு டீயும் வர்க்கியும் வேறு. வர்க்கி என்றால் மைதா, சர்க்கரை, வனஸ்பதி. பொட்டலம் கட்டித் தருவதால் பெரும்பாலும் லேபிளும் கிடையாது. சாயங்காலம் ஒன்றோடு நிறுத்துங்கள். டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூன் சர்க்கரை குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை இறங்கினால் உதவும் என்று பையில் வைத்திருக்கும் குளுக்கோஸை இதைப் படித்துவிட்டு எடுத்துவிடாதீர்கள். அது மருந்து.

பிள்ளைகளுக்கு, தயவுசெய்து, ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு டப்பாவில் நறுக்கிய கேரட். மார்க்கெட்டில் வாங்கும் கேரட்டுக்கு வரியே கிடையாது.