வாயில் நீல நிற வீக்கமா? கத்தி எடுப்பதற்கு முன்

"குனிந்து கோலம் போட்டால் உதடு கனக்கிறது, டாக்டர்" என்றார் அந்தப் பெண். கீழுதட்டின் உட்புறம் நாவல்பழ நிறத்தில் மெத்தென்று ஒரு வீக்கம். விரலால் அழுத்தினேன், வற்றியது. விரலை எடுத்ததும் மெல்ல நிரம்பியது. சிறு வயதிலிருந்தே இருக்கிறதாம். 'ரத்தக்கட்டி, கை வைத்தால் ரத்தம் நிற்காது' என்று யாரோ பயமுறுத்தியதில் இத்தனை வருடங்களாக மறைத்தே வாழ்ந்திருக்கிறார்.

இது புற்றுநோய் அல்ல. கருவிலேயே சிரைகள் சரியாக உருவாகாததால் வரும் குறைபாடு. தானாக மறையாது, வயதோடு சேர்ந்து வளரும். கைக்குழந்தைகளுக்கு வரும் ஹீமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி வேறு. அது முதல் சில மாதங்களில் வேகமாக வளர்ந்து, பிறகு தானாகச் சுருங்கும். 1982இல் மல்லிகன், குளோவாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்றும் பெரியவர்களின் ஸ்கேன் அறிக்கைகளில் 'ஹீமாஞ்சியோமா' என்றே எழுதப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெயர் தவறினால் சிகிச்சையும் தவறுகிறது.

டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் மெதுவானது என்று உறுதியானால், பெரும்பாலும் ஊசி மருந்தே போதும். சோடியம் டெட்ராடெசைல் சல்ஃபேட் அல்லது பாலிடோகனால் ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு. இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளினால் நுரையாகும். அந்த நுரை உள்ளே போய் ரத்தத்தை ஒதுக்கிவிட்டு, சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கிறது. தையல் இல்லை. ஆனால் முதல் சில நாட்கள் வீக்கம் கூடும்; இதை முன்பே சொல்லாவிட்டால் நோயாளி கலங்கிப்போவார். சில வார இடைவெளியில் மறுபடியும் போட வேண்டிவரலாம். அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை போட்டோம். நாக்கின் அடிப்பகுதியில் இருந்தால் மூச்சுவழி அடைபடும் ஆபத்து உண்டு, மருத்துவமனையில் சேர்த்தே செய்ய வேண்டும்.

வீக்கம் சூடாக இருந்து, விரலடியில் நாடி போலத் துடித்தால் கதையே வேறு. அது தமனி ரத்தம் நேராகச் சிரையில் பாயும் வகை. தாடை எலும்புக்குள் இது ஒளிந்திருக்கும்போது வெளியில் தெரிவதெல்லாம் காரணமின்றி ஆடும் ஒரு பல், ஈறோரம் அடிக்கடி கசியும் ரத்தம், அவ்வளவுதான். அந்தப் பல்லைப் பிடுங்கினால் உயிரே போகலாம். முதலில் ஆஞ்சியோகிராம் எடுத்து, ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருந்தே அடைக்க வேண்டும். பல் பிடுங்கப் போகிறவர்கள் இப்படி ஒரு கசிவோ துடிப்போ இருந்தால், நாற்காலியில் உட்காரும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.