வெள்ளியைக் கேட்டால் விலை ஏன் வருகிறது?

வெள்ளிக் கோளைப் பற்றிப் படிக்க விரும்பித் தேடுபொறியில் 'வெள்ளி' என்று மட்டும் இட்டால், நகை விலையும் வெள்ளிக்கிழமையும் முந்திக்கொண்டு வரும். எந்த வெள்ளி என்று நாம் சொல்லவில்லையே! அதைச் சொல்லத்தான் தேடல் குறிகள் இருக்கின்றன. அவை செயல்படும் விதம் மிக அழகானது.

நாம் கேட்ட கணத்தில் தேடுபொறி இணையத்தைப் புரட்டுவதில்லை. முன்பே பக்கங்களைப் படித்து, நூல்களின் கடைசியில் இருப்பதைப் போன்ற ஒரு பெரிய சொல்லடைவைத் தயாரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது இடம்பெறும் பக்கங்களின் எண்கள் இருக்கும். 'வெள்ளி'க்கு எதிரே 3, 8, 15, 21, 40 என்றும், 'வளிமண்டலம்' என்பதற்கு எதிரே 8, 21, 33 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பொதுவான 8, 21 ஆகியவை தேறும். எண்கள் ஏறுவரிசையில் இருப்பதால், இரு வரிசைகளிலும் விரல் வைத்து ஒரே ஓட்டத்தில் ஒப்பிட்டுவிடலாம்.

'விலை' என்ற சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி இட்டு '-விலை' என்று எழுதினால், அந்தச் சொல்லின் வரிசையில் உள்ள எண்கள் நீக்கப்படும். அதில் 15, 21, 40 இருந்தால், நமக்கு 8 மட்டும் மிஞ்சும். 'இதுவும் அதுவும்', 'இது அல்லது அது', 'இது அல்லாதது' என்ற இந்தச் சிந்தனை முறைகளை இயற்கணிதமாக மாற்றியவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜார்ஜ் பூல். அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1854.

கழித்தல் குறியை அளந்து பயன்படுத்த வேண்டும். கோளைப் பற்றிய அருமையான கட்டுரை ஒன்றில் 'விலை' என்ற சொல் ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், அந்தக் கட்டுரை முழுவதும் நம் கண்ணில் படாமல் போய்விடும். அந்த 21-ஆம் பக்கம் அப்படிப்பட்டதாகக்கூட இருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இரட்டை மேற்கோள் குறி. சொல்லடைவில் பக்க எண்ணோடு, அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்ற கணக்கும் பதிவாகியிருக்கும். "வெள்ளி கோள்" என்று மேற்கோளுக்குள் கேட்டால், 'வெள்ளி' 14-ஆவது சொல்லாகவும் 'கோள்' 15-ஆவது சொல்லாகவும் அடுத்தடுத்து நிற்கும் பக்கங்களே வரும். ஒரே ஒரு சொல்லைக்கூட இப்படிக் கட்டாயமாக்கலாம். கூகுளில் அந்த வேலையை முன்பு கூட்டல் குறி செய்துவந்தது; 2011-இல் அது மேற்கோள் குறியிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரு குறிப்பிட்ட இணையதளத்துக்குள் மட்டும் தேட, 'சைட்' (site) என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் (:) இட்டு, இடைவெளியின்றித் தள முகவரியை எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும் பதிவில் இருப்பதால், அது வெறும் வடிகட்டும் வேலைதான். தளங்களின் சொந்தத் தேடல் பெட்டிகள் எல்லாமே இந்தக் குறிகளைப் புரிந்துகொள்வதில்லை. அங்கே தேடித் தோற்றவர்களுக்கு இது பெரிய துணை.

தமிழில் தேடுவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்று வடிவம் மாறுபவை. மேற்கோளுக்குள் 'வளிமண்டலம்' என்று கேட்டால், 'வளிமண்டலத்தில்' என்று எழுதிய பக்கம் தவறிப்போகலாம். இரு வடிவங்களையும் தனித்தனியே மேற்கோளுக்குள் இட்டு, நடுவில் 'அல்லது' எனப் பொருள்படும் 'ஆர்' (OR) என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினால், இரண்டு வரிசைகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.