ஹிப்னாசிஸ்: வசியமா, மயக்கமா, அறிதுயிலா?

கிரேக்கத்தில் 'ஹிப்னோஸ்' என்றால் உறக்கம். உறக்கத்தின் தெய்வத்துக்கும் அதே பெயர். அதிலிருந்து பிறந்த ஹிப்னாசிஸ் நம்மூர் மேடைகளில் 'மனோவசியம்' ஆகிவிட்டது. மூலச்சொல்லே பாதி தவறு, நாம் வைத்த பெயர் முழுத் தவறு.

ஹிப்னாடிசம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தவர் மான்செஸ்டரில் தொழில் செய்த ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட். 1841-இல், 'காந்த சக்தி'யால் ஆட்களை வசப்படுத்துவதாகச் சொன்ன மேடைக்காட்சி ஒன்றைச் சந்தேகத்தோடு பார்க்கப் போனவர், அப்படி வசப்பட்டவரால் இமையைத் திறக்க முடியாததைக் கவனித்தார். கண் களைப்பே காரணம் என்று ஊகித்தார். தம் அறுவைக்கத்திப் பெட்டியைக் கண்ணிலிருந்து 8 முதல் 15 அங்குலத் தொலைவில், நெற்றிக்கு மேலாகப் பிடித்து உற்றுப் பார்க்கச் சொன்னார். கண்பாவை முதலில் சுருங்கியது, பிறகு விரிந்தது. விரல்களைக் கண்ணருகே கொண்டுபோனதும் இமைகள் துடித்து மூடிக்கொண்டன. காந்தமும் இல்லை, ஊசலாடும் கடிகாரமும் இல்லை. 1843-இல் நூல் எழுதியபோது உறக்கத்தின் பெயரையே சூட்டினார். 1847-இல், இது ஒரே எண்ணத்தில் மனம் குவிவதுதான் என்று 'மோனோஐடியிசம்' என மாற்றப் பார்த்தார். அதற்குள் பழைய பெயர் ஊன்றிவிட்டது.

தமிழில் இதற்கு வாகான சொல் முன்பே உண்டு. பாம்பணைமேல் திருமால் கொள்ளும் யோக நித்திரை அறிதுயில்: கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். ஹிப்னாசிஸில் இருப்பவரின் மூளை அலைப்பதிவிலும் உறக்கத்துக்குரிய கோலம் தெரிவதில்லை. கவனம் ஒன்றில் குவிகிறது, சுற்றுப்புற உணர்வு மங்குகிறது, கருத்தேற்றத்துக்கு, அதாவது 'இப்படி ஆகிறது' என்று ஒருவர் சொல்வதற்கு, இணங்குவது எளிதாகிறது.

அந்த இணக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அதை அளக்க 1959-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு அளவுகோலில் 12 சோதனைகள். ஒன்றில், நீட்டிய கை கனத்துக் கீழே இறங்குவதாகச் சொல்வார்கள். அடுத்த 10 விநாடியில் 6 அங்குலமாவது இறங்கினால் 1 மதிப்பெண். அளக்கப்படுவது உட்படுபவரின் திறன், செய்பவரின் சக்தி அல்ல. 'வசியம்' பொருந்தாதது இதனால்தான்.

'மயக்கம்' என்பதும் சரிவராது. மயக்க மருந்தில் ஆழ்ந்திருப்பவர் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார், ஹிப்னாசிஸில் இருப்பவர் சொல்வார். சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பிவிடவும் கூடாது. அறிதுயிலில் மீட்கும் நினைவில் கற்பனையும் கலந்துவிடும். துல்லியம் கூடாமலே, சொல்பவரின் உறுதி மட்டும் கூடிவிடும்.

ஹிப்னாசிஸ் வழியாகச் செய்யும் சிகிச்சையை அறிதுயில் சிகிச்சை என்றும், தனக்குத்தானே செய்துகொள்வதைத் தன்னறிதுயில் என்றும் எழுதலாம்.