வூஹானில் வெள்ளம் வடியாமல் நிற்பது ஏன்?

மத்திய சீனத்தின் ஹூபெய் மாகாணத்தில், யாங்சி ஆற்றோடு ஹான் ஆறு கலக்குமிடத்தில் வூஹான் நகரம் அமைந்திருக்கிறது. யாங்சியின் தென்கிழக்குக் கரையில் வூச்சாங், எதிர்க்கரையில் ஹான் ஆற்றுக்குத் தெற்கே ஹான்யாங், வடக்கே ஹான்கோவ் எனத் தனித்தனியே இருந்த மூன்று ஊர்கள் 1927-இல் ஒரே நகரமாயின. இவற்றுள் இளையது ஹான்கோவ். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹான் ஆறு தடம் மாறி, ஆமைக்குன்றுக்கு வடக்கே புதிய முகத்துவாரம் கண்டபோது, அதுவரை ஹான்யாங்கின் பகுதியாக இருந்த சதுப்பு நிலம் ஆற்றுக்கு அப்பால் ஒதுங்கியது. படகுகள் அணைவதற்கு வாகான அந்த இடத்தில் வணிகம் பெருகி, 1861-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்ட பிறகு தேயிலை ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற துறைமுகமாக அது வளர்ந்தது.

ஆனால், துறைக்கு உகந்த தாழ்நிலமே வெள்ளத்துக்கும் உகந்தது. ஆற்றுநீரின் வேகம், மேலிருந்து கீழாக அதன் நீர்மட்டம் எவ்வளவு சரிகிறது என்பதைப் பொறுத்தது. கோடை மழையால் யாங்சியின் மட்டம் உயரும்போது, ஹான் ஆற்றின் கடைசிப் பகுதியில் அந்தச் சரிவு குறைந்துவிடுகிறது. வந்து சேரும் நீர் அதே அளவில் வெளியேற வழியில்லாததால், அது மேல்நோக்கித் தேங்கிக் கரைகளை அழுத்துகிறது. இரண்டு ஆறுகளும் ஒரே சமயத்தில் பெருகினால் நிலைமை மிகக் கடுமையாகிறது.

முன்பு இந்த உபரிநீரை ஏரிகள் வாங்கிக்கொண்டன. யாங்சி தன் கரையோரம் படியவிட்ட வண்டல், சிற்றாறுகளின் வாயை அடைத்ததால் உருவானவை அவற்றில் பல. 1905-இல் ஆளுநர் சாங் சிடோங் ஹான்கோவுக்குப் பின்புறம் நெடிய கரை எழுப்பினார்; அதனால் ஏரியும் சதுப்புமாகக் கிடந்த பெரும்பரப்பு குடியிருப்பு நிலமானது. நகரத்துக்கு இடம் கிடைத்தது, வெள்ளத்துக்கு இடம் போயிற்று.

1931 ஆகஸ்டில் ஹான்கோவின் ஆற்று அளவுகோலில் நீர்மட்டம் 28.28 மீட்டரை எட்டியது. கரைகள் உடைந்து, தெருக்களில் வாரக்கணக்கில் படகுகளே ஓடின. 1954-இல் மட்டம் அதையும் தாண்டி 29.73 மீட்டருக்கு உயர்ந்தபோதும், உயர்த்தப்பட்ட கரைகளும் இரவு பகலாக உழைத்த மக்களும் நகரின் மையப்பகுதியைக் காத்தார்கள். அந்த வெற்றிக்கு ஹான்கோவ் ஆற்றங்கரையில் நினைவுத்தூண் நிற்கிறது. எனினும், அந்த ஆண்டு மேல்நீரோட்டத்தில், ஆற்றின் உபரிநீரைத் திருப்பிவிட ஒதுக்கப்பட்ட ஜிங்ஜியாங் வெள்ளத் திருப்புப் பகுதியின் மதகுகள் மூன்று முறை திறக்கப்பட்டு, அங்கிருந்த வயல்கள் நீரில் மூழ்கின. அந்த உழவர்களின் இழப்பையும் சேர்த்தே அவ்வெற்றியை மதிப்பிட வேண்டும்.

கரைகள் வலுத்தபின் சிக்கல் உள்ளே இடம் மாறியது. யாங்சியின் மட்டம் நகரத்தின் தரையைவிட உயர்ந்திருக்கும்போது மதகுகளைத் திறந்தால் ஆறு உள்ளே புகுந்துவிடும். ஆகவே அவற்றை மூடிவிட்டு, உள்ளே பெய்யும் மழைநீரை ராட்சத பம்புகளால் கரைக்கு மேலே இறைத்து ஆற்றில் விட வேண்டியிருக்கிறது. 2016 ஜூலையை ஒட்டிய ஒரே வாரத்தில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தெற்கு ஏரியைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் மூழ்கியதற்கு ஆற்றுக்கரை உடைந்தது காரணமல்ல. ஏரியை வந்தடைந்த நீரின் அளவுக்கு வெளியேற்றும் திறன் ஈடுகொடுக்கவில்லை.

மழைநீரை நிலத்திலேயே பிடித்துவைக்கும் ‘பஞ்சு நகரம்’ திட்டத்தின் முன்னோடி நகரங்களுள் ஒன்றாக 2015-இலேயே வூஹான் தேர்வாகியிருந்தது. நீர் ஊடுருவும் நடைபாதைகளும் பள்ளத் தோட்டங்களும் சாதாரண மழையைத் தாங்கும். மேற்சொன்னது போன்ற மழைக்குத் திறந்த நீர்ப்பரப்பும் பம்புகளுமே துணை. நகர எல்லைக்குள் எஞ்சியிருக்கும் 166 ஏரிகளை இனியும் தூர்க்காமல் காக்க வேண்டும் என்று அங்குள்ள விதிகள் வலியுறுத்துவது இதனால்தான்.