செந்நாய்க்குப் பிறந்த குட்டியா?

களக்காட்டுக்குக் கிழக்கே ஒரு வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த தாத்தா, தன் காவல் நாயைக் காட்டி, “தம்பி, இது செந்நாய்க்குப் பொறந்த குட்டில்லா” என்றார். செவலை நிறம், நெட்டைக் கால், விறைத்த காது. பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் செந்நாய்க்குப் பெயரில்தான் நாய் இருக்கிறது. நாய்க்கு 42 பல், செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் குறைவு. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன வேறு பேரினம் அது. தாத்தாவின் செவலை முழு நாய்தான்.

ஓநாய் அப்படியில்லை. நாயே ஓநாய் வழியில் வந்ததுதான். பிரிந்து சில பத்தாயிரம் ஆண்டுகள்தான் ஆகியிருக்கும் என்பதால் இரண்டும் இணைந்தால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டியும் ஈனும். கோவேறு கழுதையை நினைத்துப் பாருங்கள். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சேராமல் ஒன்று தனித்து நிற்கிறது, கலப்பு அதோடு நின்றுவிடுகிறது. ஓநாய்க்கும் நாய்க்கும் 78. தாயின் 39-ம் தந்தையின் 39-ம் பிசகில்லாமல் ஜோடி சேரும். அதனால் கலப்பு நிற்பதே இல்லை. கலப்புக் குட்டியில் ஓநாயின் பங்கு அரை. அது மறுபடி நாயோடு சேர்ந்தால் கால், அடுத்த தலைமுறையில் அரைக்கால், பிறகு வீசம், அதாவது பதினாறில் ஒன்று. கலப்புக் குட்டி ஓநாய்க் கூட்டத்தோடு சேர்ந்தாலோ, நாயின் மரபணு காட்டுக்குள் போய்விடும்.

இயல்பாக ஓநாய்கள் நாயை அண்டவிடாது, கொன்றும் போடும். பெண் ஓநாய் ஆண்டுக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். விஷம் வைத்தோ, குகையிலிருந்து குட்டிகளை எடுத்தோ, சாலை போட்டோ கூட்டத்தைச் சிதைத்துவிட்டால், அந்தச் சில நாட்களில் அதற்குத் துணை கிடைக்காது. ஆண் நாயோ ஆண்டு முழுவதும் தயார். கலப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

புனே அருகே புல்வெளியில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு விலங்கைத் தி கிராஸ்லேண்ட்ஸ் டிரஸ்ட் அமைப்பினர் கண்டார்கள். அது ஓநாய்-நாய்க் கலப்பு என்று 2023-இல் மரபணு ஆய்வு உறுதி செய்தது. ஆய்வு செய்த நிறுவனங்களில் ஒன்றான ஏட்ரீக்கு நம் மணிமுத்தாறில் ஒரு மையம் உண்டு. இந்தியாவில் ஓநாய்கள் சுமார் 3,000. நாய்கள் கோடிக்கணக்கில். இந்த விகிதம்தான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது.

கலப்புக் குட்டி பாவம், அது என்ன செய்யும்? அமெரிக்காவில் ஆசைக்கு வாங்கி, வளர்க்க முடியாமல் கைவிடப்பட்டவற்றுக்கென்றே காப்பகங்கள் இருக்கின்றன. ஓநாய்க் குட்டி இரண்டு வாரத்தில், கண்ணும் காதும் சரியாகத் திறக்குமுன், மோப்பத்தை மட்டும் நம்பி உலகைப் பழகத் தொடங்குகிறது. நாய்க்குட்டி நான்கு வாரத்தில், எல்லாப் புலனும் விழித்தபின் தொடங்குகிறது. மனிதரோடு எளிதில் ஒட்டிக்கொள்ள அதுவே காரணம் என்று கருதுகிறார்கள். கலப்புக் குட்டி இரண்டுக்கும் நடுவே. காட்டிலிருந்து பிடிப்பதைக் கொல்லாமல், கருத்தடை செய்து பராமரிப்பதே சரி என்பது என் எண்ணம்.

செந்நாய் நாயோடு கலக்காவிட்டாலும் நாயின் நோய் அதைத் தொற்றும். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் 1994-இல் செரெங்கெட்டியில் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. அதனால்தான் தாத்தாவிடம், “செவலைக்கு ஊசி போட்டாச்சா தாத்தா?” என்று கேட்டேன். வெறிநோய் ஊசி மட்டும் போட்டிருந்தார். மற்றதை விளக்கியதும், கிடை மாற்றும் அன்று கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார்.