பொட்சோலிக்: மலையகத்தில் இல்லாத சாம்பல்

இலங்கை மலையகத்துத் தேயிலை மண்ணுக்குப் பாடநூல்கள் தரும் பெயர் செம்மஞ்சள் பொட்சோலிக் மண். ‘பொட்சோல்’ ருஷ்யச் சொல். ‘பொட்’ என்றால் அடியில். ‘சோலா’ என்றால் சாம்பல். மேல்மண்ணுக்கு அடியில் வெளுத்துக் கிடந்த மண்படையைக் கண்டு உழவர்கள் வைத்த பெயர். மண்ணியலாளர் வசிலி தொக்குச்சாயெவ் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார்.

அந்த வெளுப்பு குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளுக்கு உரியது. இலைமக்கின் அமிலங்கள் இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக் கீழே கொண்டுபோக, மேலே நிறமிழந்த மணல் எஞ்சுகிறது. களிக் கனிமங்கள் அங்கே இடம்பெயர்வதைவிட அமிலத்தில் சிதைவதே அதிகம்.

நம் மலைகளில் களி சிதையாமல் இறங்குகிறது. ஹட்டன் பக்கம் புதிதாக வெட்டிய வடிகானின் சுவரைப் பாருங்கள். சாம்பல் படையே இராது. மேலே இலைமக்கு கலந்த கறுப்பு, நுவரெலியா உயரத்தில் இது தடிப்பாகவே இருக்கும், கீழே செம்மஞ்சள். மேல்மண்ணை நனைத்துத் தேய்த்தால் விரலில் நறநறக்கும். கீழ்மண் நாடாவாக நீளும். கீழ்மண் கட்டியை உடைத்துக் கூர்ந்து பார்த்தால் பிளவுகளில் மெழுகு பூசியதுபோன்ற மினுக்கத்தையும் காணலாம். மழைநீரில் கலங்கிய நுண்களி துளைகள் வழியே இறங்கி, உலர்ந்த மண் நீரை உறிஞ்சிக்கொண்டதும் சுவரில் ஒட்டிய பூச்சு அது.

பொட்சோலிக் என்ற பெயர் அமெரிக்காவின் பழைய மண் வகைப்பாட்டிலிருந்து வந்தது. 1975இல் வெளியான புதிய வகைப்பாட்டில் அவர்களே இத்தகைய மண்ணை ‘அல்டிசோல்’ என்று மாற்றிவிட்டார்கள். கடைசி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. மழையில் கழுவுண்டு சத்திழந்த மண் என்பது குறிப்பு. இலங்கையில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

பொட்சோலுக்குச் ‘சாம்பலடி மண்’ நேரான தமிழ். நம்முடையதை அப்படி அழைக்கக் கூடாது; ‘செம்மஞ்சள் களியிறங்கு மண்’ என்பதே உண்மைக்குப் பொருந்தும். களி மேலிருந்து போவது களியிறக்கம், கீழே சேர்வது களிப்படிவு. இப்படி உருவாகும் பகுதிகளுக்கு நம் பாடநூல்களில் உள்ள ‘படை’ போதும். ‘அடுக்கு’ என்றால் ஆறு கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இவையோ ஒரே மண்ணுக்குள் இருந்த இடத்திலேயே பிரிந்தவை.

சரிவில் மேற்படை அரித்துப் போனால் களிப்படை வெளியே தெரியும். அதில் மழைநீர் எளிதில் இறங்காது, வழிந்தோடி மேலும் அரிக்கும். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறு முழுவதையும் விறகுக்கு அள்ளிவிடாமல் நிரைகளுக்கிடையே கொஞ்சம் விட்டுவைப்பது அதனால்தான்.